பீரோவில் எது எங்கே

அன்புள்ள கண்ணு,

பீரோவைக் காலி செய்து காகிதங்களையெல்லாம் பிரித்து அடுக்கிவிட்டேன். எது எங்கே இருக்கிறது என்று உனக்கும் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மேல் தட்டில் பச்சைத் துணிப்பையில் வீட்டின் கிரயப் பத்திரமும் தாத்தா காலத்து மூலப் பத்திரமும் இருக்கின்றன. யார் கேட்டாலும் செராக்ஸ் மட்டும் கொடு. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் இணையத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மூலப் பத்திரம் தொலைந்தால் போலீஸில் புகார், பேப்பரில் விளம்பரம், பத்திர ஆபீஸில் நகல் என்று அலைந்து மாளாது. அதை லேமினேஷன் செய்யலாமே என்றார் அப்பா. நான் விடவில்லை. அப்புறம் பிரிக்கவே முடியாது. பிளாஸ்டிக் கவரில் போட்டால் எழுத்து அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம். கடைசிப் பக்கத்தில் பாட்டியின் பெருவிரல் ரேகை, நடுவில் சின்ன வெட்டுத் தழும்போடு இன்னும் தெளிவாக இருக்கிறது, பார்.

பழைய கரண்ட் பில், எப்போதோ போய்விட்ட மிக்ஸியின் வாரண்டி அட்டை எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போயாயிற்று. ஆதார் செராக்ஸ்களை மட்டும் பொடிப்பொடியாகக் கிழித்தேன். பிரிட்ஜ் பில் எழுத்து அழிந்து வெறும் தாளாகிவிட்டது. வழவழப்பான தாளில் தரும் பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடு.

பேங்க் விஷயம் சிவப்பு நோட்டில் இருக்கிறது. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். கேட்டால் திரும்பக் கிடைக்கும், ஆனால் இருப்பது தெரிந்தால்தானே கேட்க முடியும்? அப்படிக் கிடக்கும் பணத்தைத் தேட 2023-இல் உத்கம் என்ற தளத்தையே திறந்திருக்கிறார்கள். நம் வீட்டுக்கு அது தேவைப்படக்கூடாது. நாமினியாக உன் பெயரைப் போட்டிருக்கிறோம். நாமினி பணத்தை வாங்கி வைக்கிறவர்தான், தம்பிக்கும் அதில் பங்கு உண்டு. இதை அவனுக்கும் எழுதியிருக்கிறேன்.

சரி, இனி உன் வீட்டுக் காகிதங்களின் விஷயம். எல்லாம் போனில், அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருக்கிறது என்கிறாய், நல்லதுதான். உன் போன் உடைந்து நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், இன்சூரன்ஸ் அட்டையை மாப்பிள்ளை எங்கே போய்த் தேடுவார்? இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பைல் வாங்கி, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுக்கு.

உன் மார்க்‌ஷீட் ஒரிஜினல்கள் கீழ் டிராயரில் இருக்கின்றன, பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ. டிராயிங் நோட்டுகளை நான் தொடவில்லை. வைப்பதா போடுவதா என்று நீயே பார்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா