முரளிக்கு, மாஸ்டரின் முகப்படம் பற்றி

அன்புள்ள முரளி,

இங்கே எல்லாரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? பெரியவள் தேர்வு எப்படி எழுதினாள்? இரண்டுக்கும் பதில் எழுது, மறக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். படம் வரையும் டேப்லெட்டைக் குட்டியின் பையனுக்குக் கொடுத்துவிட்டாயாம். "திரையில் நிறம் செத்துப்போகிறது, இனி அந்தப் பக்கமே போக மாட்டேன்" என்று வேறு சொன்னாயாம். குட்டி போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. டேப்லெட் போனால் போகட்டும், பையன் நன்றாக வரையட்டும். நமக்கு வரையச் சொல்லித்தந்த மாஸ்டரின் முகப்படத்தைப் பாதியில் விட்டுவிட்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் ஒன்று: நிறம் செத்துப்போகிறது என்று நீ சொன்னது உண்மை. உன் கண் தப்பாது. ஆனால் அதற்குக் காரணம் திரை இல்லை, ஓவிய மென்பொருள்களின் பழைய பிரஷ்கள் போட்ட கணக்கு. திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் வழக்கமாக 0 முதல் 255 வரை. இரண்டு நிறங்களைக் கலக்கச் சொன்னால் பிரஷ் அந்த எண்களுக்குச் சராசரி எடுக்கும், அவ்வளவுதான். முழு மஞ்சள் 255, 255, 0. முழு நீலம் 0, 0, 255. பாதிக்குப் பாதி கலந்தால் 128, 128, 128. வெறும் சாம்பல்! தட்டில் குழைத்தால் பச்சை வருமே என்று நீ அன்றைக்குக் கத்தியது நியாயம்தான். நிறமி ஒளியை உறிஞ்சுகிறது, சிதறடிக்கிறது. நீலம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், மஞ்சள் நீல ஒளியை விழுங்கிவிடும், இரண்டும் விட்டுவைப்பது பச்சை. குபெல்கா, முங்க் என்ற இருவர் இதற்கான சமன்பாட்டை 1931-இலேயே எழுதிவிட்டார்கள். ஓவிய மென்பொருள்களுக்குள் அது நுழையத்தான் இத்தனை காலம் ஆனது. நிறமிக் கணக்குக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் நிறைய எண்கள் வேண்டும். லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி), கோப்பு, திரை எல்லாமே மூன்று எண்களை நம்பிக் கட்டப்பட்டவை.

2021-இல் சார்க்கா சோகரோவா, ஒந்த்ரேய் யம்ரிஷ்கா என்ற இருவர் இதற்கு அழகான வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். பெயர் மிக்ஸ்பாக்ஸ். திரையின் எந்த நிறத்தையும் ஒரு நீலம், ஒரு மஜந்தா, ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை என்று நான்கு நிறமிகளின் அளவாகப் பிரிக்கிறார்கள். அந்த நான்கால் எட்ட முடியாத மிச்சத்தைத் தனியே பிடித்து வைக்கிறார்கள். கலவை அங்கே நடக்கிறது, முடிந்ததும் பழைய மூன்று எண்களாகவே திரும்பி வருகிறது. அதனால் மற்ற எதையும் மாற்ற வேண்டியதில்லை. ரெபெல் 5 என்ற ஓவிய மென்பொருளின் ப்ரோ பதிப்பில் இது வந்துவிட்டது. இலவச மென்பொருளான மைபெயின்ட், 2020-இல் வந்த தன் 2.0 பதிப்பில் வேறொரு வழியில், ஒளியின் நிறமாலையை வைத்துக் கலக்கத் தொடங்கியிருந்தது.

நான் ரெபெலில் ஒரு மஞ்சள் தீற்றலின் ஓரத்தில் நீல பிரஷ்ஷை இழுத்தேன். பச்சை வந்தது முரளி! உயிருள்ள பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் குளிர்ந்தும் மஞ்சளுக்குப் பக்கத்தில் இளகியும். அடர்நீலத்தில் கொஞ்சம் வெள்ளை சேர்த்தால் அது வெளுத்துப் போகாமல் பளிச்சென்று திறக்கிறது.

பிரஷ் மாறியது நிறத்தில் மட்டும் இல்லை. ஃபோட்டோஷாப்பில் மிக்ஸர் பிரஷ் 2010-இலேயே வந்துவிட்டது, நீ அதைத் தொடவே இல்லை. அது கான்வாஸில் இருக்கும் நிறத்தை அள்ளிக்கொண்டு போகும். எவ்வளவு ஈரம், எவ்வளவு நிறம் ஏற்றுவது, எவ்வளவு கலப்பது என்று தனித்தனியாகச் சொல்லலாம். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில், 2021 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில், நிறத்தைத் தேய்த்துப் பரப்பும் ஸ்மட்ஜ் பிரஷ்ஷைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். இப்போது பிரஷ் முனையின் மேடுபள்ளத்தை வைத்து நிறத்துக்குத் தடிமன் காட்டலாம். மயிர் பதிந்த தடம் தெரிகிறது. நிறம் கலப்பது மட்டும் அங்கே இன்னும் பழைய சராசரிதான். அதனால் தோலின் நிறத்தை ரெபெலில் கலந்துகொண்டு மற்ற வேலைகளைக் கிரிட்டாவில் செய்கிறேன்.

இப்போது லேயர். இதில் உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

உன் கோப்பின் நகல் என்னிடம் இருக்கிறது, தெரியும்தானே? திறந்து பார்த்தேன். "லேயர் 23 நகல்", "லேயர் 23 நகல் 2", "லேயர் 41"! எதில் காது, எதில் மீசை என்று கண்டுபிடிக்க ஒரு மாலை போயிற்று. ஒரு லேயருக்காவது பெயர் வைக்கக் கூடாதா? மாமா வீட்டுப் பூனைக்குட்டிகளுக்கெல்லாம் உட்கார்ந்து பெயர் வைத்தவன் நீ.

நிறம் செத்ததில் பாதிப் பங்கு இந்த அடுக்குக்கு உண்டு. பிரஷ் தன் லேயரில் உள்ளதைத்தான் தொடும். கன்னம் ஒரு லேயர், நிழல் இன்னொரு லேயர் என்று பிரித்துவிட்டால், நிழலை இழுக்கும்போது அது கன்னத்தோடு கலப்பதே இல்லை. வெறும் ஒளிபுகும் பரப்பில் தேய்கிறது. நீ கலப்பதாக நினைத்ததெல்லாம் மெலிதாக்கிக்கொண்டிருந்தது. இதற்கு இப்போது வழி இருக்கிறது. ஃபோட்டோஷாப் மிக்ஸர் பிரஷ்ஷில் எல்லா லேயர்களிலிருந்தும் நிறம் எடுக்கச் சொல்லலாம். கிரிட்டா ஸ்மட்ஜ் பிரஷ்ஷில் அதற்கு ஓவர்லே என்று ஒரு தேர்வு. கீழே உள்ள நிறத்தை எடுத்து மேல் லேயரில் வைக்கும், கீழே இருப்பது கெடாது. ஆனாலும் என் அபிப்பிராயம் வேறு. முகம் முழுவதையும் ஒரே லேயரில் வரை. கோட்டுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, பின்புலத்துக்கு ஒன்று. அதற்கு மேல் வைக்கிற ஒவ்வொரு லேயரும் ஒரு முடிவைத் தள்ளிப்போடுவதற்குத்தான்.

அந்தக் கழுத்து நிழல் இருக்கிறதே, அதில் நீ சாம்பல் நிறத்தை மல்டிப்ளை என்ற கலப்பு முறையில் வைத்திருக்கிறாய். மல்டிப்ளை என்பது பெருக்கல். சாம்பல் மூன்று எண்களையும் ஒரே விகிதத்தில் இறக்கிவிடும். தோல் இருட்டாகுமே தவிர நிழலுக்கென்று ஒரு நிறம் வராது. "கழுத்துக்குக் கீழே பச்சையைத் தேடுடா" என்று மாஸ்டர் சொல்வாரே, அந்தப் பச்சையை மல்டிப்ளை எங்கிருந்து கொண்டுவரும்? அதோடு கோப்பு 8 பிட்டில் இருக்கிறது. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மெல்லிய ஒப்பாசிட்டியில், அதாவது குறைந்த அடர்த்தியில், திரும்பத் திரும்பத் தேய்த்தால் எண்கள் முழுமையாக்கப்பட்டு, முழுமையாக்கப்பட்டு, கன்னத்தில் பட்டை பட்டையாக நின்றுவிடும். 16 பிட் என்றால் 65,536 படிகள். தொடங்கும்போதே அதை வைத்துக்கொண்டால் போதும்.

லேயர் பக்கத்தில் எனக்கு நிஜமாகவே பிடித்தது, வரைந்ததைத் தொடாமல் மேலே போர்த்தி மாற்றிக் காட்டும் மாஸ்க்குகள்தான். கிரிட்டாவில் டிரான்ஸ்ஃபார்ம் மாஸ்க் வைத்து ஒரு கண்ணைச் சாய்க்கலாம், சிறிதாக்கலாம், நாளைக்கு மனசு மாறினால் திரும்பவும் நிமிர்த்தலாம். அடியில் உள்ள புள்ளிகள் அப்படியே இருக்கும். முன்பு ஒவ்வொரு முறை அளவு மாற்றும்போதும் படம் கொஞ்சம் மங்கியதே, அந்தத் தொல்லை இல்லை. கிம்ப் என்ற பட மென்பொருள்கூட 2025 மார்ச்சில் வந்த 3.0-இல், ஃபில்டர்களைப் படத்தைக் கெடுக்காமல் மேலே வைத்துக்கொள்ள விட்டுவிட்டது. மாஸ்டரின் இடது கண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். மாஸ்க் வைத்து அதை ஏற்றிப் பார்த்தேன். பார்வை உடனே அவருடையதாகிவிட்டது. உன் கோடு ஒன்றையும் தொடவில்லை.

முரளி, இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். மாஸ்டர் போன பிறகு நீ படத்தை நிறுத்தியது நிறத்தால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் பார்த்துத் திருத்தாத படத்தை எப்படி முடிப்பது என்று நீ ஒருமுறை கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்த வாயோரத்தை, ஏதோ திட்டப் போகிறவர் மாதிரி அவர் நிறுத்திவைக்கும் அந்த உதட்டை, நம் கூட்டத்தில் நீ ஒருவன்தான் பிடித்தாய். என்னிடம் அவர் புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றிலும் அது இல்லை. கழுத்தை நான் வரைந்து முடித்துவிடலாம், உதட்டுக்குப் பக்கத்தில் போக எனக்கு உரிமையும் இல்லை, கையும் இல்லை.

கோப்பைக் கிரிட்டாவின் சொந்த வடிவத்திலேயே அனுப்புகிறேன். ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பாக மாற்றினால் அந்த மாஸ்க் அப்படியே நிற்காது. கிரிட்டா இலவசம், இறக்கிக்கொள். உன் லேயர்களை எல்லாம் "முரளி பழையது" என்று ஒரு குரூப்பில் போட்டு வைத்திருக்கிறேன், ஒன்றையும் அழிக்கவில்லை. அதற்கு மேலே எல்லாவற்றையும் சேர்த்து "முகம்" என்று ஒரே லேயர், 16 பிட்டில். அதன் பக்கத்தில் ரெபெலில் கலந்த ஏழு தோல் நிறங்களை வரிசையாக வைத்திருக்கிறேன். பச்சை இருக்கிறது. அது கூடுதலா குறைவா என்று பார்த்துச் சொல், அவருடைய நிறம் உனக்குத்தான் சரியாக ஞாபகம் இருக்கும். மூக்குக் கண்ணாடி வேண்டுமா வேண்டாமா என்பதையும் முடிவு செய். குட்டி வேண்டும் என்கிறான், நான் வேண்டாம் என்கிறேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு