மிஸ்ஸி ஃபிராங்க்ளினுக்கு, கொஞ்சம் கோபத்தோடு

மிஸ்ஸி,

டிசம்பர் வந்தாலே, போட்டி நீச்சலை விட்டு விலகுவதாக நீங்கள் எழுதிய ஓய்வுக் கடிதம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. 2018, 23 வயது, தோள்வலி. இந்த டிசம்பரில் எங்கள் வீட்டிலும் ஒருத்தி அதே முடிவை எடுத்திருக்கிறாள். அவளும் உங்களைப் போல பேக்ஸ்ட்ரோக்தான், மல்லாந்து நீந்துகிறவள். இதை அவளும் படிப்பாள், அவளுடைய கோச்சும் படிப்பார், அதனால் அந்தக் கதை இவ்வளவு போதும்.

லண்டன் ஒலிம்பிக்ஸைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல என்ன இருக்கிறது. ஆனாலும் 2012-ல் அந்த ஒரு இரவு என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் அரையிறுதியில் எட்டாவதாகத் தொற்றிக்கொண்டு வந்தீர்கள், கால் மணி நேரம்கூட இல்லை, 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் இறுதி, உடம்பைத் தளர்த்திக்கொள்ள அவசர அவசரமாக டைவிங் குளத்தில் நீந்திவிட்டு வந்து நிற்கிறீர்கள், ஆஸ்திரேலியாவின் எமிலி சீபோம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார், திரும்பி வரும்போது அவரைப் பிடித்து 58.33 விநாடி, தங்கம்! அப்புறம் அந்தச் சிரிப்பு. 17 வயசுப் பிள்ளையின் சிரிப்பு. அதை என் மகளுக்கு எத்தனை தடவை போட்டுக் காட்டியிருப்பேன். "பாரு, இப்படிச் சந்தோஷமா நீந்தணும்."

2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்கு முந்தைய மாதங்களில் மனச்சோர்வும் பதற்றமும் தூக்கம் வராத இரவுகளுமாக இருந்ததை நீங்கள் பிற்பாடுதான் சொன்னீர்கள். அங்கே 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் இறுதிக்கே வராமல் போனபோது, பயிற்சி போதவில்லை என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? மற்ற நீச்சலில் முகம் தண்ணீருக்குள் போய்விடும், பேக்ஸ்ட்ரோக்கில் முழுக்க வெளியே தெரியும், அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்பு கேட்க வேண்டியது உங்களிடம் இல்லை என்று தெரியும். உங்களிடம் கேட்பது சுலபமாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் அவளைக் கட்டாயப்படுத்தியதே இல்லை. விடியற்காலை நாலரைக்கு எழுப்புவதெல்லாம் கட்டாயமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோடிக்கணக்கில் வரவிருந்த விளம்பரப் பணத்தை ஒதுக்கிவிட்டு பெர்க்லியில் கல்லூரி அணிக்காக நீந்தப் போனீர்களே, எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கு எரிச்சலாக இருந்தது. பயிற்சிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கிற வீடுகளில் யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அதே சமயம், தோழிகளோடு சேர்ந்து நீந்தத்தானே ஆசைப்பட்டீர்கள் என்று நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. என் மகளும் அதைத்தான் கேட்டாள்.

(நீங்கள் மகாபாரதம் படிப்பதாகச் செய்தி வந்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. சித்தப்பாக்கள் படிக்கிறார்கள், வேண்டாம்.)

200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் உங்கள் உலக சாதனை, 2:04.06, ஏழு வருடம் நின்றது. 2019-ல் குவாங்ஜு உலகப் போட்டியில் உங்கள் அமெரிக்காவின் ரீகன் ஸ்மித் 2:03.35-ல் அதைத் தாண்டியதும், வழக்கம்போல இவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்த வீடியோவைப் போட்டேன். முழுசாகப் பார்த்தாள்.

"இனிமே இந்த அக்காவாப்பா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.