உன் போன் பேட்டரி பற்றி

அன்புள்ள செல்வம்,

நலம். உன் மூட்டுவலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே கத்திரி தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை.

இரண்டு வருஷத்தில் போனில் சார்ஜ் நிற்கவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று பொரிந்து தள்ளியிருந்தாய். லித்தியம் அயான் பேட்டரியின் ஆயுசே ஏறக்குறைய அவ்வளவுதானப்பா. மொத்தக் கொள்ளளவையும் ஒருமுறை செலவழித்தால் ஒரு சுற்று. சுமார் 500 சுற்றில் 80 சதவீதம்தான் மிஞ்சும் என்பது பழைய கணக்கு. ஐபோன் 15க்கு ஆப்பிள் 1000 சுற்று சொல்கிறது. இன்று பாதி, நாளை பாதி என்று செலவானாலும் ஒரே சுற்றுதான். அதனால் அடிக்கடி சார்ஜ் போடத் தயங்காதே. சுத்தமாக இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று உன் மச்சான் சொன்னது நிக்கல் காட்மியம் என்ற பழைய ரகப் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரிக்கு அது கெடுதல்.

நம் ஊரில் நிஜமான எமன் சூடுதான். முழுசாக ஏற்றி 40 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா போட்டுவைத்தாலே ஏறக்குறைய 35 சதவீதம் போய்விடும். அதே சூட்டில் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 15தான் போகும்.

என் மருமகன் லேப்டாப்பை எந்நேரமும் சார்ஜரிலேயே வைத்திருப்பான். ஒருநாள் டச்பேட் மேலே எழும்பி நின்றது. ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனோம். கடைப் பையன் அடிமூடியைக் கழற்றினால், பேட்டரி குட்டித் தலையணை மாதிரி உப்பியிருக்கிறது! உள்ளே ரசாயனம் சிதைந்து வாயு சேர்ந்துவிட்டதாம். ஸ்க்ரூடிரைவரை ஓரம் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் பசையை மெல்ல நெம்பி எடுத்தான். "குத்துப்பட்டா தீப்பிடிச்சிரும் சார், தள்ளி நில்லுங்க" என்றான். மருமகன் அப்போதே வாசலுக்குப் போய்விட்டான்.

உன் போனைத் தூக்கிப் போடாதே, பேட்டரியை மட்டும் மாற்று. வாங்கும்போது தயாரித்த தேதியைப் பார். டப்பாவுக்குள் இருந்தாலும் அதற்கு வயசாகும். பழையதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதே, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடு.

அப்புறம், அலமாரியில் தூங்குகிற உன் கேமராவின் பேட்டரியையும் பாதி ஏற்றிக் கழற்றி வை. ஆடியில் வரும்போது அதைக் கொண்டு வா, மயிலாப்பூர் பக்கம் ஒரு நடை போவோம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்