ஏரிக்குள் கொட்டிய மண் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், ரொறன்ரோ ஏரிக்கரையில் உள்ள ஒன்ராறியோ பிளேஸ் பூங்காவைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். முழுக்கட்டுரையையும் குறை சொல்ல நான் வரவில்லை. எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "அது என்ன இயற்கைத் தீவா, கட்டட வேலையில் மிஞ்சிய குப்பை மண்ணைக் கொட்டி எழுப்பிய மேடுதானே, அங்கே மரத்தை வெட்டினால் யாருக்கு நட்டம்?" இந்த வரி உங்கள் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயிருக்கும். இந்த நகரத்தில் இத்தனை காலம் பத்திரிகை நடத்துகிற உங்களுக்குமா அது உறுத்தவில்லை? எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அப்படியான "குப்பை மண்ணை" இதே ஏரியின் இன்னொரு கரையில் ஏற்றி இறக்கினவன் நான். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து, லைசென்ஸ் எடுத்த கையோடு மண் லொறி ஓட்டினேன். நகர நடுவில் கோபுரம் கோபுரமாக எழும்பிய காலம் அது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் நிலத்துக்குக் கீழே நாலைந்து தட்டில் கார் தரிப்பிடம் தோண்டினார்கள். தோண்டிய களிமண்ணையும், இடித்த பழைய வீடுகளின் செங்கல்லையும் கொங்கிறீற்றையும் லெஸ்லி வீதியின் தெற்கு முனைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவோம். உடைத்த கொங்கிறீற்றை முதலில் ஏரிக்குள் நீட்டிக் கொட்டிக் கரை எழுப்புவார்கள். அலை அடிக்கிற பக்கத்துக்குப் பெரிய துண்டுகள் போகும். கரை நின்ற பிறகு உள்ளே அடைபட்ட தண்ணீருக்குள் மண்ணை நிரப்ப, புல்டோசர் தள்ளிச் சமன் செய்யும். ஒரு பெரிய புயல் வந்தால் கரையில் பாதியைக் காணாது. திரும்பவும் கொட்ட வேண்டும். ஒரு லொறி மண் ஏரிக்குள் போனால் அது இருந்த இடமே தெரியாது. அப்படியிருந்தும் ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு நிலம் ஏரிக்குள் போயிருக்கிறது. லொறி ஓட்டியவர்கள், கிரேன் பிடித்தவர்கள், இத்தாலியர், போர்த்துக்கேயர், பிறகு எங்கள் ஆட்கள் என்று எத்தனையோ பேருடைய முதுகுவலி அந்த நிலத்துக்குள் கிடக்கிறது.

(அந்த நாட்களில் என்னை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் கடைசி மாதச் சம்பளத்தைத் தராமலே கம்பனியை மூடிவிட்டுப் போனார். அதைப் பற்றி அப்போது வந்துகொண்டிருந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதினேன். கடிதம் வரவில்லை. வீடு விற்பனை விளம்பரங்கள் மட்டும் பக்கம் பக்கமாக வந்தன. உங்கள் இதழ் அப்படியில்லை என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.)

நாங்கள் மண் கொட்டிய அந்த நிலத்துக்கு லெஸ்லி ஸ்பிற் என்று பெயர். துறைமுகத்துக்காகத்தான் அதை 1959-இல் கட்டத் தொடங்கினார்கள். கடலிலிருந்து ஏரிகளுக்குக் கப்பல் வர சென் லோறன்ஸ் கடல்வழி திறந்துவிட்டது, பெரிய கப்பல்கள் வந்து குவியும், அவற்றுக்கு அலைதாங்கி வேண்டும் என்பது திட்டம். எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. ஆனால் கொட்டிய மண்ணில் பொப்லர் மரங்கள் தாமாக முளைத்தன. நீர்க்காகங்களும் இராக்கொக்குகளும் கூடு கட்டின. முந்நூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்களை அங்கே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே படகுத்துறையும் மற்றதும் கட்டலாம் என்று யோசனைகள் வந்தபோது, 1977-இலிருந்து ஒரு மக்கள் குழு விடாப்பிடியாக நின்று அதைத் திறந்தவெளியாகக் காப்பாற்றியது. நாங்கள் கொட்டியது குப்பைதான் என்றால் அந்தச் சனம் எதற்காக இத்தனை வருடம் மல்லுக்கட்டியது?

கட்டுரையாளர் ஒருநாள் யூனியன் நிலையத்துக்கு முன்னால் நின்று பார்க்கட்டும். அங்கே ஓடுகிற பிரண்ட் வீதிதான் ஒருகாலத்தில் ஏரிக்கரை. அதற்குத் தெற்கே இருக்கிற தண்டவாளங்கள், விளையாட்டு அரங்குகள், கண்ணாடி மாடிகள் எல்லாம் ஏரியை நிரப்பிய நிலத்தில்தான் நிற்கின்றன. அந்த நிலத்தில் ஓர் அறை வாங்கப் பத்து இலட்சம் டாலர் கேட்டால் யாரும் அதைக் குப்பை மண் என்று சொல்வதில்லை. எங்களைப் போன்றவர்கள் காசு கொடுக்காமல் போய் உட்காருகிற இடத்துக்கு மட்டும் அந்தப் பெயர் வந்துவிடுகிறது.

ஒன்ராறியோ பிளேஸ் நான் வருவதற்கு முந்தியது. 1967-இல் மொன்றியலில் உலகக் கண்காட்சி நடந்தது. சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய பாறையையும் மண்ணையும் ஆற்றில் கொட்டி, நோத்ரடாம் தீவையே அதற்காகப் புதிதாக எழுப்பினார்கள். அதைப் பார்த்துத்தான் ஒன்ராறியோவுக்கும் ஆசை வந்தது. ஏரிக்குள் மண்ணை நிரப்பி, பழைய சரக்குக் கப்பல்கள் மூன்றை அலைதாங்கியாக மூழ்கடித்து, தீவுகளை உண்டாக்கி, 1971 மே மாதம் திறந்தார்கள். கட்டடக் கலைஞர் எபர்ஹார்ட் சைட்லர், நிலத்தை வடிவமைத்தவர் மைக்கல் ஹவ். உலகின் முதலாவது நிரந்தர ஐமாக்ஸ் திரையரங்கு அங்கேதான் இருக்கிறது. அதன் வடிவமைப்புக்காகவே உலக நினைவுச்சின்ன நிதியம் 2020-இல் தன் கவனப் பட்டியலில் அந்த இடத்தைச் சேர்த்தது. இவ்வளவும் தெரிந்த உங்கள் ஆசிரிய பீடம் "மேடுதானே" என்ற சொல்லை எப்படி விட்டது?

2012-இல் கட்டணப் பூங்காவை மூடினார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு அந்த இடம் இன்னும் நெருங்கியது. கட்டணம் கிடையாது. மேற்குத் தீவில் கூழாங்கல் கரை ஒன்று இருந்தது. கொரோனா காலத்தில், முழங்கால் நோவோடு நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடந்த என் மனைவியை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். ஐம்பது வருடமாக வளர்ந்த மரங்களின் நிழலில் இருந்து, ஏரியைப் பார்த்துக்கொண்டு, போத்தலில் கொண்டுபோன தேநீரைக் குடிப்போம். ஒருவரும் எங்களை எழும்பச் சொன்னதில்லை. 2024 ஒக்டோபரில் இரவோடு இரவாக இயந்திரங்களை இறக்கி அந்த மரங்களை வெட்டினார்கள். எண்ணூறுக்கும் மேல். அந்தத் தீவு ஒஸ்ரியாவைச் சேர்ந்த தேர்ம் என்ற ஸ்பா (நீராடல்) நிறுவனத்துக்கு 95 ஆண்டுக் குத்தகையில் போயிருக்கிறது. மரபுரிமைச் சட்டம் அங்கே செல்லாது என்று அதற்கு முன்பே, 2023-இல், ஒரு தனிச்சட்டமும் போட்டாயிற்று. பொதுமக்களுக்கு வரும் செலவு 2019 மதிப்பீட்டில் ஐம்பது கோடி டாலருக்குள் இருந்தது, 2024-இல் இருநூறு கோடியைத் தாண்டிவிட்டது என்று மாகாணக் கணக்காய்வாளர் நாயகமே அறிக்கை எழுதினார். யாருக்கு நட்டம் என்று கேட்டவருக்கு அந்த அறிக்கையில் பதில் இருக்கிறது.

இதோடு முடிந்ததா? பிளெமிங்டன் பார்க் குடியிருப்பில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்ராறியோ விஞ்ஞானக் கூடம் நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. 1969-இல் திறந்தது. ரேமண்ட் மொரியாமா பள்ளத்தாக்கின் சரிவோடு இசைத்துக் கட்டிய கட்டடம். 2024 ஜூன் 21-ஆம் திகதி, கூரை பாதுகாப்பில்லை என்று சொல்லி அன்றைக்கே வேலி போட்டு அடைத்தார்கள். அதையும் சிறிதாக்கி ஒன்ராறியோ பிளேஸுக்குக் கொண்டுபோகிறார்களாம். பள்ளத்தாக்கில் இருந்த சனத்திடமிருந்து ஒன்றை எடுத்து, ஏரிக்கரையில் சனத்திடமிருந்து இன்னொன்றை எடுத்து, இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறார்கள். உங்கள் இதழில் இது அரைப்பத்திச் செய்தியாக வந்தது. அதே இதழில் அமைச்சர் ஒருவர் பொங்கல் விழாவில் குத்துவிளக்கேற்றிய படம் அரைப்பக்கத்துக்கு வந்தது.

ஸ்காபரோவில் இருக்கிற எங்களுக்கு ஏரிக்கரை தூரத்து விஷயம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ரொறன்ரோத் தீவுகளே ஸ்காபரோ மண்மலையிலிருந்து அலை அரித்துக்கொண்டுபோன மணலால் உண்டானவைதான். அந்த மலைக்குக் கீழே எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சமைத்துச் சாப்பிடுகிற புளபர்ஸ் பூங்காவும் ஏரிக்குள் கொட்டிய மண்தான். இப்போது ஷெப்பேர்ட் மக்கோவன் சந்தியில் சுரங்க ரயிலுக்குத் தோண்டுகிறார்கள். பழைய ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டு நின்றதோடு சரி, அன்றிலிருந்து பஸ்ஸில் இடிபடுகிறோம். அந்தச் சந்தியால் மண் லொறிகள் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த மண் எங்கே போகிறது, அதில் என்ன எழும்பும், எழும்பினால் அதற்குள் போக எங்களுக்கு வழி இருக்குமா என்று எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் இதுவரை கேட்கவில்லை.

மண் நிரப்புவதையே நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டொன் ஆற்றின் வாயில் பத்து இலட்சம் கன மீற்றருக்கு மேல் மண்ணைத் தோண்டி, ஆற்றுக்குப் புதுப்பாதை வெட்டி, நடுவில் ஒரு தீவையே உண்டாக்கியிருக்கிறார்கள். ஊக்வேமின் மினிசிங் என்று பெயர். வெள்ளம் வந்தால் கிழக்கு நகரத்தைக் காப்பாற்றுகிற வேலை அது. பொதுப்பணத்தில் செய்து, சனத்துக்குப் பூங்காவும் திறந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன், மனம் நிறைந்தது. தோண்டிய மண் ஊருடைய மண். அதில் எழும்புகிற நிலமும் ஊருக்குத்தான் சேர வேண்டும். அதைக் குப்பை என்று சொல்லிப் பழக்கிவிட்டால், பிறகு தூக்கிக் கொடுப்பவனுக்கு வேலை சுலபம்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். ஒன்ராறியோ பிளேஸின் கிழக்குப் பக்கத்தில் 2017-இல் திறந்த டிரில்லியம் பூங்கா இன்னும் சனத்துக்குத் திறந்திருக்கிறது. ஸ்காபரோவிலிருந்து வயதானவர்கள் அங்கே போய்வர எந்த ரயில், எந்த பஸ் என்று அந்தத் திருத்தத்துக்குக் கீழே நாலு வரியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஸ்காபரோ