வெண்குடை என்று பேர் வைத்துவிட்டோம்

மயூர் விஹார்,
தில்லி.

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிக்கு ஆபரேஷன் வேண்டாம், தினமும் நடந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டதைப் படித்ததும்தான் மனசு ஆறியது. நடக்க உனக்கு முசிறியில் காவிரிக் கரை இருக்கிறது. எனக்கும் யமுனை பக்கத்தில்தான் ஓடுகிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதனால் காலனி பார்க்கையே சுற்றிச் சுற்றி வருகிறேன். இவர் ரிட்டயர் ஆனதிலிருந்து சமையலறை நிர்வாகத்தைக் கையில் எடுத்திருக்கிறார். பெருங்காய டப்பா எங்கே என்று நான் அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

பத்திரிகைக்குப் பேர் வைத்தாயிற்றா என்று கேட்டிருந்தாய். வைத்தாயிற்று. பத்திரிகை என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, ஞாயிற்றுக்கிழமை கூடிப் படிக்கிற எங்கள் குழு, கையால் எழுதி ஜெராக்ஸ் போடப்போகிற எட்டுப் பக்கம்தான் அது. அந்த எட்டுப் பக்கத்துக்கு ஒரு பேர் வைக்க நடந்த சண்டை இருக்கிறதே, பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூட இவ்வளவு பேர் மல்லுக்கு நின்றிருக்க மாட்டார்கள்.

தணிக்கைத் துறையில் இருந்து ரிட்டயரான ஒரு மாமா வருவார். அவர் முதலில் 'ஆராய்ச்சி மணி' என்றார். பள்ளிக்கூட நாடகத்தில் அவர் பசு வேஷம் போட்டவராம், அந்தப் பாசம் விடவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார், அந்த மணி கன்று செத்த பிறகு அடித்தது. ராஜா நியாயமானவர்தான், மகனையே தேர்க்காலில் இட்டார். கன்று என்னவோ திரும்பி வரவில்லை. தாமதமாக வந்த நியாயத்தின் பேரை முதல் பக்கத்தில் போட எனக்கு மனசு ஒப்பவில்லை.

நான் 'வாயிலோயே' என்றேன். சிலப்பதிகாரத்தில் கண்ணகி அரண்மனை வாயில்காப்போனைக் கூப்பிடுகிற கூப்பாடு. நமக்கு அதை வகுப்பில் நடத்தியபோது நீ எழுந்து நின்று கண்ணகியாகவே கத்தினாயே, அதேதான்.

வாயிலோயே வாயிலோயே
அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து
இறைமுறை பிழைத்தோன் வாயிலோயே

எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் அரசனை முறை தவறியவன் என்று ஏசுகிற வரி அல்லவா, பிடித்த கையோடு பயமும் வந்தது. குழுவில் பாதிப் பேர் இன்னும் மத்திய அரசு உத்தியோகத்தில் இருக்கிறவர்கள். "இறைமுறை பிழைத்தோன்னு முதல் இதழிலேயே ஆரம்பிக்கணுமா?" என்று ஒருத்தர் மெல்லக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில் எரிகிறது.

இருந்தாலும் அந்தக் காட்சியை அன்றைக்கு உட்கார்ந்து முழுதாகப் படித்தோம். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த எனக்கே புதிதாக ஒன்று பட்டது. எல்லாரும் கண்ணகியையும் பாண்டியனையும் பார்க்கிறோம். நடுவில் ஓடுகிறானே அந்த வாயில்காப்போன், அவனை யார் பார்க்கிறோம்? எதிரே தலைவிரி கோலமாக ஒருத்தி நிற்கிறாள், அவன் அரசனையே ஏசுகிறாள். கொற்றவையோ, காளியோ, இவள் அவர்கள் யாரும் இல்லை, ஆனால் கடுங்கோபத்தில் இருக்கிறாள் என்கிறான். கையில் பொன் சிலம்பு ஒன்று இருக்கிறது, கணவனை இழந்தவள், வாசலில் நிற்கிறாள் என்கிறான். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கலகக்காரி என்று சொல்லியிருந்தால் ஆட்களை அனுப்பி இழுத்துப் போட்டிருப்பார்கள். அவன் உள்ளதைச் சொன்னதால் அரசன் 'வருக மற்றவள், தருக ஈங்கு' என்றான்.

உள்ளே போனவளும் எடுத்த எடுப்பில் சிலம்பை உடைக்கவில்லை. 'தேரா மன்னா' என்று ஒரு சூடு கொடுத்துவிட்டு, ஊர் புகார், மாமனார் மாசாத்துவான், கணவன் கோவலன், என் பேர் கண்ணகி என்று வரிசையாகச் சொல்கிறாள். நாம் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுக்கிற மனு இதே வரிசையில்தான் இருக்கும். அப்புறம் சாட்சி: அரசி சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம். அவளே உடைத்துக் காட்டினாள். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று அவனே தீர்ப்புச் சொன்னான்.

இங்கேதான் என் நாத்தனார் மகள் குறுக்கே வந்தாள். வக்கீல், விடுவாளா? "அத்தை, அமைதியான போராட்டத்துக்கு இவங்களையா உதாரணம் காட்டுறீங்க? அடுத்த காதையிலேயே மதுரையைக் கொளுத்திட்டாங்களே" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பார்ப்பாரையும் பசுவையும் பத்தினிப் பெண்டிரையும் விட்டுவிடு என்று தீக்கு அவள் சொன்னாள் என்று இழுத்துப் பார்த்தேன். வக்கீலிடம் அது எடுபடுமா? கோவலனை விசாரித்துவிட்டு வெட்டியிருந்தால் மதுரை எரிந்திருக்காது என்று மட்டும் சொன்னேன். அதை அவள் மறுக்கவில்லை.

தணிக்கை மாமாவும் விடவில்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை எடுத்தார். சட்டப்படியான வழிகள் திறந்திருக்கும்போது சத்தியாக்கிரகம், ஒத்துழையாமை எல்லாம் வேண்டாம், அது அராஜகத்தின் இலக்கணம் என்று அவரே சொல்லிவிட்டாரே என்றார். சொன்னது உண்மைதான். அதே அம்பேத்கர் 1927-ல், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு மறுத்துவந்த மகாத் குளத்துக்கு ஆயிரக்கணக்கான பேரை அழைத்துப் போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தவர். வழி திறந்திருக்கும்போது என்று அவர் போட்ட நிபந்தனையை மாமா கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. காபி வந்ததால் பேச்சு அங்கேயே நின்றது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த வக்கீல் பெண்ணிடம் அப்புறம் தனியாகக் கேட்டேன். அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவிலேயே இருக்கிறதாம்: பேசும் உரிமைக்கு அடுத்தபடியாக, அமைதியாக, ஆயுதமில்லாமல் கூடும் உரிமை. நாட்டின் ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு, இதற்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம். நேரம், இடம் சொல்லலாம். ஆனால் தெருவில் கூட்டமே கூடாது என்று ஒரேயடியாக மறுக்க முடியாது என்று 1972-லேயே அகமதாபாத் வழக்கு ஒன்றில் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்களாம். நாம் 144 என்று சொல்லிப் பழகிய தடை உத்தரவுக்கு 2024 ஜூலையிலிருந்து 163 என்று நம்பர். ஜனங்கள் இன்னும் 144 என்றுதான் சொல்கிறார்கள்.

தில்லியில் இந்த 'இடம் சொல்லலாம்' இருக்கிறதே, அதுதான் பெரிய கதை. 1988 அக்டோபரில் திகாயத் தலைமையில் உத்தரப் பிரதேச விவசாயிகள் லட்சக்கணக்கில் வந்து போட் கிளப் புல்வெளியில் ஒரு வாரம் போலக் குடியேறிவிட்டார்கள். இவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள். ஆபீஸ் போகிற வழியில் ஹூக்கா புகையும் அடுப்புப் புகையுமாக இருக்கும் என்பார். பார்லிமென்ட் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடம் அது. தொண்ணூறுகளில் அங்கே கூடாது என்று ஆகி, ஜந்தர் மந்தருக்குத் தள்ளினார்கள். 2017 அக்டோபரில் சத்தம் அதிகம் என்று பசுமைத் தீர்ப்பாயம் அங்கேயும் கூடாது என்றது. ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 ஜூலையில், முழுத் தடை கூடாது, விதிமுறை போட்டு அனுமதியுங்கள் என்று தீர்ப்பு வந்தது. குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து தில்லி ஷாஹீன் பாக்கில் சாலையில் உட்கார்ந்தவர்கள் பற்றிய வழக்கில் 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பு, பொது வழியைக் காலவரையில்லாமல் மறிக்கக் கூடாது, ஒதுக்கிய இடத்தில் போராடுங்கள் என்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு வழி விட வேண்டும், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒதுக்கிய இடம் வாசலை விட்டு ஒவ்வொரு தடவையும் நாலடி தள்ளிப்போனால், கடைசியில் கண்ணகி காட்டில் நின்றுதான் கூப்பிட வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கத்து விவசாயிகள் 2017-ல் விவசாய சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவோடு இங்கே வந்து உட்கார்ந்தது உனக்கே தெரியும். மார்ச் 14-லிருந்து 41 நாள். நாங்கள் காலனிப் பெண்கள் சேர்ந்து தயிர் சாதமும் புளியோதரையும் கட்டிக்கொண்டு போனோம். பச்சைக் கோவணம், மண்டை ஓடு, வாயில் எலி எல்லாம் டிவியில் நீயும் பார்த்திருப்பாய். டிவியில் வராத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெரியம்மா, மஞ்சள் தடுப்புக் கம்பியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு, சாப்பிட்டு முடித்ததும் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, இடுப்பில் சொருகியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார். உள்ளே கூட்டுறவு சொசைட்டியில் நகை வைத்த ரசீது. மடித்து மடித்து மடிப்பு எல்லாம் வெளுத்து நாலு துண்டாகப் பிரிகிற மாதிரி இருந்தது. "இதைத்தாம்மா காட்ட வந்தேன், யாருகிட்ட காட்டுறதுன்னுதான் தெரியலை" என்றார்.

அப்போது இந்திக்கார நிருபர் பையன் ஒருவன் வந்து, இவர்கள் ஏன் எலியைக் கடிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டான். மழை பொய்த்துவிட்டது, தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அரசே அறிவித்துவிட்டது, கடனைத் தள்ளுபடி செய், காவிரி மேலாண்மை வாரியம் அமை என்று கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் நீட்டிச் சொன்னேன். ரசீதையும் காட்டினேன். நல்ல பையன்தான், பொறுமையாகக் கேட்டான். ராத்திரி செய்தியில் எலி மட்டும் வந்தது.

அதனால்தான் அந்த வாயில்காப்போன் எனக்கு இவ்வளவு பெரிய ஆளாகத் தெரிகிறான். கத்தாமல், கல்லெடுக்காமல் உட்கார்வது போராடுகிறவன் கையில் இருக்கிறது. அவன் என்ன கேட்கிறான் என்பதைத் திரிக்காமல் உள்ளே கொண்டுபோவது மற்றவர்கள் கையில் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை யாரும் செய்யாமல், முதல் பாதியை மட்டும் அமைதியாகச் செய் என்று அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பேருக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு புறநானூறு எடுத்துப் போனேன். 35-வது பாட்டு, வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடியது. நமக்கு அது பாடத்தில் இல்லை. முதலில் நாட்டையும் காவிரியையும் புகழ்ந்து புகழ்ந்து பெரிதாகப் போகும். அப்புறம், உன்னைப் பற்றியதைச் சொல்கிறேன், என்னுடையதையும் கேள் என்று மெல்ல விஷயத்துக்கு வருவார்.

முறைவேண்டு பொழுதின் பதன்எளியோர் ஈண்டு
உறைவேண்டு பொழுதின் பெயல்பெற் றோரே

நியாயம் கேட்கப் போகிற நேரத்தில் அரசனை எளிதாகப் பார்க்க முடிந்தவர்கள், மழை வேண்டிய நேரத்தில் மழை பெற்ற மாதிரியாம். உழவைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்குத்தான் இப்படிச் சொல்ல வரும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கேட்பார், வானத்தை முட்டுகிற உன் குடை வெயிலை மறைக்கவா பிடித்தது? 'அன்றே, வருந்திய குடிமறைப் பதுவே.' உன் படை ஜெயிப்பதும் ஏர் உழுததன் பலன்தான் என்பார். மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் உலகம் அரசனைத்தான் ஏசும் என்று கடைசியில் ஒரு தட்டும் தட்டுவார். விளைவு என்ன தெரியுமா? பாட்டின் கீழே பழங்காலத்துக் குறிப்பு ஒன்று இருக்கிறது: 'பாடிப் பழஞ்செய்க்கடன் வீடுகொண்டது.' நிலவரி பாக்கி தள்ளுபடி ஆகிவிட்டது. ஒரு செங்கல் பெயரவில்லை, ஒரு உயிர் போகவில்லை. கண்ணகிக்கும் இவருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம், இவரை நேரத்தில் கேட்டுவிட்டார்கள் என்பதுதான்.

படித்து முடித்ததும் 'வெண்குடை' என்று வைப்போமா என்றேன். ஒரே மனதாக நிறைவேறியது! உத்தியோகக்காரருக்குத்தான் ரொம்ப சந்தோஷம், "மங்களகரமா இருக்கு" என்றார். குடைக்கு அடியில் கடன் தள்ளுபடி மனு இருப்பதை முதல் இதழின் தலையங்கத்தில்தான் பார்ப்பார். என் நாத்தனார் மகள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

இப்போது உனக்கு வேலை. 2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி என்று அறிவித்தபோது உன் தம்பிக்கும் கடன் கழிந்தது என்று எழுதியிருந்தாய். தேர்தல் வந்ததால் செய்தார்கள் என்பாய். இருக்கட்டும். தள்ளுபடி ஆனதற்கு முந்தின நாலு வருஷம் அவர் என்ன செய்தார், சொசைட்டியில் யாரைப் போய்ப் பார்த்தார், வாசலில் யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், அதை அவர் வாயால் கேட்டு எழுது. உன் அபிப்பிராயத்தைக் கலக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அவர் பேர், ஊர், சொசைட்டி பேர் எதுவும் வேண்டாம். மூன்று பக்கத்துக்கு மேல் போனால் நான் வெட்டிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதே. போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், இங்கே ஒரு பெண் அழகாகப் பிரதி எடுப்பாள். மாசக் கடைசிக்குள் வேண்டும்.

அப்பளம் இன்னும் தீரவில்லை, இந்தத் தடவை அனுப்ப வேண்டாம். வத்தல் இருந்தால் அனுப்பு.

அன்புடன்,
விஜயா