ஜீவனாம்ச உத்தரவோடு அரைப் பக்கம் சேர்த்துக் கொடுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜீவனாம்சப் பாக்கிக்காகக் கணவர் சிறையில் அடைப்பு என்று உள்பக்கத்தில் அவ்வப்போது நாலு வரிச் செய்தி வரும். போன வருடம் அந்த நாலு வரியில் நானும் வந்திருப்பேன்.

எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்பிலிருந்து கூழ் தொழிற்சாலைக்கு லோடு அடிக்கும் டெம்போ டிரைவர். பெங்களூரா காய் வரும் ஜூன், ஜூலையில் ராத்திரி பகல் கிடையாது, மாதம் 30,000 கையில் நிற்கும். ஆடி முடிந்தால் வண்டி வேப்பமரத்தடிக்குப் போய்விடும். தேங்காய், செங்கல் என்று கிடைத்ததை ஏற்றினால் எட்டாயிரமோ ஒன்பதாயிரமோ வரும்.

மனைவி மகளோடு காரிமங்கலத்தில் தாய் வீட்டில் இருக்கிறார். வழக்கு தர்மபுரியில். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்று 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குமாஸ்தா படிவத்தை நீட்டியது சீசன் நேரத்தில். மாத வருமானம் என்ற கட்டத்தில் 30,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் கொஞ்சம் வீறாப்பும் இருந்தது, பொய் சொல்வானேன். மகளுக்கு மாதம் 6,000 என்று உத்தரவானது.

ஐப்பசி வரை சமாளித்தேன். மச்சான் கையில் கொடுப்பேன், ஸ்கூல் பை, ஷூ வாங்கித் தருவேன், எல்லாவற்றையும் டீசல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிப்பேன். தீபாவளிக்குப் பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை என்று கோபம். பணத்தை நிறுத்தினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். பணம் பிள்ளையினுடையது. பிள்ளையைப் பார்க்க வேண்டுமானால் அதற்குத் தனி மனுப் போட வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறிக்க முடியாது.

அடுத்த வருடம் 66,000 பாக்கி என்று நோட்டீஸ் வந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ‘மச்சானிடம் 4,000’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ரசீது எங்கே என்றார்கள். மச்சானுக்கு ஞாபகமில்லையாம். ஷூவும் பையும் கணக்கிலேயே வரவில்லை. உள்ளே போய் ஒரு மாதம் இருந்து வந்தால் பாக்கி கழிந்துவிடும் என்று லோடுமேன்கள் தைரியம் சொன்னார்கள். கழியாது. சிறையில் இருந்தாலும் பாக்கி பாக்கிதான் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வழி காட்டியவர் கோர்ட் வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பழைய டைப்பிஸ்ட். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்யா என்றார். அதெல்லாம் பொம்பளைகளுக்குத்தானே என்றேன். இல்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே உதவி உண்டு. மற்றபடி அரசு வைத்திருக்கும் வருமான வரம்புக்குள் இருந்தால் ஆணுக்கும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

அங்கே கொடுத்த வக்கீலம்மா கேட்ட முதல் கேள்வியே, வருமானம் குறைந்த அன்றைக்கே ஏன் மனுப் போடவில்லை என்பதுதான். நிலைமை மாறினால் தொகையை மாற்றச் சொல்லிக் கேட்கலாமாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127, 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் 146-ஆவது பிரிவு. வண்டி உரிமையாளரின் கணக்கையும் பேங்க் பாஸ்புக்கையும் காட்டினோம். இனிமேல் 4,500 என்று குறைந்தது. பழைய பாக்கியில் ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை. வட்டிக்கு வாங்கித் தவணையில் கட்டுகிறேன். இப்போதெல்லாம் மகள் பேரில் உள்ள கணக்கில்தான் போடுகிறேன். மச்சானோடு பேச்சுவார்த்தை இல்லை, அது வேறு கதை.

மாதம் இரண்டு சனிக்கிழமை பிள்ளையைப் பார்க்கிறேன். செந்தூரா பழம் கொண்டுபோனால் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டை வரை சப்பிவிட்டு என் சட்டையில் கை துடைப்பாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உத்தரவு நகலைக் கொடுக்கும்போது கூடவே தமிழில் அரைப் பக்கம் அச்சடித்துத் தரட்டும். பணத்தைக் கையில் தராதே, கணக்கில் போடு. வருமானம் குறைந்தால் நிறுத்தாதே, மனுப் போடு. வக்கீலுக்கு வழியில்லை என்றால் இன்ன அறைக்குப் போ. அந்தப் படிவத்திலும் ‘சீசன் வருமானம்’ என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். மாங்காய், தக்காளி, புளி என்று பருவத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் நிறையப் பேர்.

பெயரைப் போட வேண்டாம். மகள் இப்போது எழுத்துக் கூட்டிப் பேப்பர் படிக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.