எங்கள் கோழிகளுக்குத் தண்ணி காட்டியவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அத்தையை வீட்டுக்குக் கூட்டி வந்து பத்து நாள் ஆகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தேன், ஆஸ்பத்திரிக் கதை சொன்னேன். ஆனால் நன்றி என்று ஒரு வார்த்தை ஒழுங்காகச் சொன்னேனா என்றால் இல்லை. நேரில் சொல்லப் போனாலும் எதிர்வீட்டு அப்பத்தா, "போடி, பெருசாப் பேச வந்துட்டா" என்று வாயை அடைத்துவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

கத்திரி தொடங்கி ஒரு வாரம் இருக்கும். வியாழன் இரவு அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு, உடனே கோயம்புத்தூர் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் துணிமணி, ரிப்போர்ட், ஆதார் அட்டை என்று நான் ஓடிக்கொண்டிருந்தபோது, அந்த வலியிலும் அத்தை என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "கோழிக்குத் தண்ணி வெச்சியா?"

வைத்தேன். வெள்ளை பெயிண்ட் வாளி, 20 லிட்டர் பிடிக்கும். அடியில் துளை போட்டு ஆறு நிப்பிள் மாட்டி, கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தோம். கோழி அண்ணாந்து கொத்தினால் சொட்டுச் சொட்டாக வரும், எச்சம் விழாது. இரண்டு மாதமாக அதில்தான் குடித்துப் பழகியிருந்தன. ஒரு கோழிக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர், பதினான்கு உருப்படிக்கு மூன்றரை லிட்டர். வாளி நிறைய இருந்தால் ஐந்து நாள் தாங்கும், நாம் மூன்று நாளில் வந்துவிடுவோம் என்று கணக்குப் போட்டேன். காக்காய், பல்லி எதுவும் விழுந்துவிடக் கூடாதே என்று, எப்போதும் சும்மா கவிழ்த்து வைக்கும் மூடியை அன்றைக்குச் சுற்றிலும் தட்டித் தட்டி இறுக்கினேன். நான் செய்த கெட்டிக்காரத்தனம் அதுதான். கோழிக்குத் தண்ணி காட்ட வேண்டிய வாளி எங்களுக்குத் தண்ணி காட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அப்பத்தாவிடமிருந்து போன். "ஏண்டி, உங்க வூட்டுல சத்தத்தையே காணோமேன்னு படலைத் திறந்துக்கிட்டு வந்தேன். எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு முருங்கை அடியில நிக்குது. வாளி நெறையத் தண்ணி இருக்குது, ஒண்ணும் குடிக்க மாட்டேங்குது." எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிப்பிள் அடைத்துக்கொண்டதா, யாராவது எதையாவது கலந்துவிட்டார்களா என்றெல்லாம் புத்தி போனது.

கண்டுபிடித்தது அப்பத்தாவின் பேரன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிற தம்பி. நிப்பிளை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு சொட்டு வந்து நின்றுவிட்டது. அடுத்ததும் அப்படியே. சரி, மேலே என்னதான் இருக்கிறது என்று மூடியை நெம்பியிருக்கிறான். உஸ் என்று காற்று உள்ளே போக, கீழே நிப்பிளைத் தட்டத் தட்டத் தண்ணீர் வர ஆரம்பித்திருக்கிறது. மூடினால் நிற்கிறது, திறந்தால் வருகிறது. பிறகு போனில் எனக்கே பாடம் நடத்தினான்: "அக்கா, ஸ்ட்ராவுல ஜூஸ உறிஞ்சி மேல விரல் வெச்சா கீழ விழாதுல்ல? அதேதான். காத்து போக வழியே இல்ல." ஆணியைச் சுட்டு மூடியில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டான். அன்று முதல் தினமும் சாயங்காலம் வாளியின் வீடியோ வந்துவிடும். கோழி கொத்தும்போது வெள்ளை வாளிக்குள் தண்ணீர் அசைகிற நிழல் தெரியும். ஐ.சி.யூ. வாசலில் அதை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேனோ தெரியாது. தம்பி, வாளியில் மார்க்கர் பேனாவால் நீ கோடு கிழித்து அளந்து அனுப்பினாயே, அதைப் பார்த்துத்தான் என் கணக்கின் லட்சணம் தெரிந்தது. அந்த வெயிலில் தலைக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்திருக்கின்றன. ஓட்டை இருந்திருந்தால்கூட மூன்றாவது நாள் வாளி காலிதான்.

நீங்கள் வந்து பார்ப்பதற்குள் கருங்கோழி சாய்ந்துவிட்டது. ஸ்கூட்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்குமே, அதுதான். அப்பத்தா அதற்காக இன்னும் வருத்தப்படுகிறார் என்று கேள்விப்பட்டேன். அப்பத்தா, அது என் கை இறுக்கிய மூடி. அன்றைக்கு நீங்கள் படலைத் திறக்காமல் இருந்திருந்தால் சாயங்காலத்துக்குள் இன்னும் எத்தனை போயிருக்குமோ.

இன்னொரு கோழியும் இறக்கையை விரித்துப் போட்டுக் கிடந்ததாம். அதைப் பிழைக்க வைத்தது ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஐயா. போனில் அவர் முதலில் கேட்டது, "பிப்ரவரி முகாம்ல கழிச்சல் ஊசி போட்டீங்களா?" வெள்ளைக்கழிச்சல் வந்தாலும் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்குமாம். போட்டிருந்தோம் என்றதும், சரி, அப்போ வெயில்தான் என்று தெம்பு சொன்னார். கோழிக்கு வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். இரைக்கிற கோழியின் தொண்டையில் தண்ணீரை ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், ஐஸ் தண்ணீரும் வேண்டாம் என்று தடுத்துவிட்டு, நிழலில் வைத்து, கால் நனைகிற அளவுக்குச் சாதாரணத் தண்ணீரில் நிறுத்தி, அலகை மட்டும் நனைத்துக் காட்டச் சொன்னார். கால் மணி நேரத்தில் தானாகவே குடித்ததாம். ஐயா, அது இப்போது குப்பையைக் கிளறிக்கொண்டு, மற்றதையெல்லாம் கொத்தி விரட்டிக்கொண்டு திரிகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் பிளம்பர் தம்பி வந்தார். மாடி டேங்கிலிருந்து வாளிக்கு நேராக லைன் கொடுத்து, நிறைந்ததும் தானாக நிற்கிற மிதவை வால்வு ஒன்று வைத்தார். ஆனால் கறுப்பு டேங்கில் மத்தியானத் தண்ணீர் கை வைக்க முடியாது. சுடுதண்ணீரைக் கோழி தொடாது. அதற்காகக் குழாயைச் சுவரோரம் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, வெளியே தெரிகிற இடத்தில் நனைந்த சாக்கைச் சுற்றி, வாளியை வேம்பு நிழலுக்கு மாற்றினார். வால்வு மாட்டிக்கொண்டு வழிந்தால் தண்ணீர் தென்னை மரத்துக்குப் போகிற மாதிரி ஒரு வாய்க்காலும் வெட்டினார். அத்தோடு விட்டாரா? "அக்கா, வால்வு இருக்குதேன்னு யாரும் வந்து பார்க்காம விட்றாதீங்க. மெஷினு எப்ப வேணா காலை வாரும்" என்று போனில் எச்சரித்துவிட்டுப் போனார். குழாய்க்கும் வால்வுக்கும் ஆன காசு தவிரக் கூலி வாங்கவில்லை. தம்பி, அது சரியில்லை, ஒரு நாள் சாப்பிடவாவது வர வேண்டும்.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் அப்பத்தா எதையும் நம்பவில்லை. தன் வீட்டு அகல மண்சட்டியைக் கொண்டுவந்து முருங்கை அடியில் வைத்து, காலை, பதினொரு மணி, மூன்று மணி என்று தண்ணீர் மாற்றியிருக்கிறார். தாய்க்கோழியோடு சுற்றுகிற ஏழு குஞ்சுகள் நிப்பிளைச் சட்டை செய்வதில்லை. சட்டியில் விழுந்து மூழ்கிவிடக் கூடாதே என்று கூழாங்கற்களைப் பரப்பி வைத்திருக்கிறார், கல் மேல் நின்று குடிக்கட்டும் என்று. ஏழும் உயிரோடு இருக்கின்றன. உண்மையைச் சொல்கிறேன், வாளி நன்றாக வேலை செய்கிற இன்றைக்கும் பெரிய கோழிகள் முதலில் ஓடுவது அந்தச் சட்டிக்குத்தான். மண் கசிந்து ஆறுகிற தண்ணீரின் குளிர்ச்சி பிளாஸ்டிக்கில் வருமா? அதனால் சட்டியைத் திருப்பித் தருவதாக இல்லை. சந்தையில் புதிது வாங்கித் தருகிறேன்.

மூன்றாவது வீட்டு அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சேவல் விடிகாலை மூன்றரைக்கே கூவுகிறது என்று நீங்கள் சண்டைக்கு வந்தது நியாயம்தான். நான் பேசியதுதான் அதிகம். அப்படியிருந்தும் உங்கள் நர்சரிக்கு வாங்கிய பச்சை நிழல்வலையை வெட்டி எங்கள் கூண்டின் மேல் கட்டியிருக்கிறீர்கள். கீரி வந்த இரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்ததும் நீங்கள்தான். இப்போது சேவலை இரவில் உள் அறையில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து வைக்கிறோம். சத்தம் குறைந்திருக்கிறதா என்று சொல்லுங்கள்.

தீவனக்கடைக்காரர் கேட்காமலே ஒரு மூட்டை கம்பு அனுப்பினார், கணக்கு முடித்துவிட்டேன், நன்றி.

முட்டை எடுத்த வாண்டுகள் இரண்டு பேரையும் மறக்கவில்லை. கரித்துண்டால் எங்கள் பின்சுவரில் நீங்கள் எழுதிய கணக்கு அப்படியே இருக்கிறது: வெள்ளி 5, சனி 1, ஞாயிறு 0, திங்கள் 0. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஒரு பகல் தாகத்துக்குக் கோழி எத்தனை நாள் கோபித்துக்கொள்கிறது என்று அந்தச் சுவரைப் பார்த்தால் தெரியும். நாங்கள் திரும்பிய அன்றைக்குத்தான் 4 வந்திருக்கிறது. எடுத்துச் சாப்பிடுங்கள் என்று அத்தனை முறை சொல்லியும் ஒன்றைக்கூடத் தொடாமல் கூடையோடு கொண்டுவந்து வைத்தீர்களே, இதற்கு உங்களை என்ன செய்வது? சுவருக்கு இந்தத் தீபாவளிக்கு வெள்ளையடிக்கப் போவதில்லை என்று அத்தை சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒரு செய்தி. கருங்கோழி இட்ட முட்டைகளை அத்தை அடுக்களையில் மணல் போட்ட சட்டியில் வைத்திருந்தார். அப்பத்தா அந்த ஞாயிற்றுக்கிழமையே அதில் நான்கை எடுத்து, தன் வீட்டு அடைக்கோழியின் கீழ் வைத்துவிட்டாராம். எங்களிடம் மூச்சு விடவில்லை, நேற்றுத்தான் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு 21 நாள். வாளியைக் கண்டுபிடித்த தம்பி தனக்குக் கறுப்புக் குஞ்சுதான் வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான். குஞ்சு உனக்குத்தான் கண்ணு, நிறத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.